ஊசி பிடித்த கை

"கவனமாய் இருந்திருந்தால் இது நடந்திருக்குமோ? ரெண்டு பேரைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டால் மற்றவை ஒழுங்கா வேலை செய்வினம்."

புத்தூர்ச் சந்தியில் பருத்தித்துறை பஸ்ஸுக்கு நின்றபோது இதைக் கேட்டேன். கோயில் வீதியில் கேட்டிருக்கிறேன், செத்தவீட்டுப் பந்தலிலும் கேட்டிருக்கிறேன். இதையே கொஞ்சம் இலக்கணச் சுத்தமாக்கிப் பத்திரிகைத் தலையங்கத்திலும் வாசித்திருக்கிறேன். நாளத்தில் மருந்து ஏற்றியபின் ஒருவருக்குக் கேடு வந்தால் பிழை ஊசி பிடித்த கையில் என்பதும், அந்தக் கைக்கு விலங்கு மாட்டினால் அடுத்த நோயாளி தப்புவார் என்பதும் இங்கே கிட்டத்தட்ட எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிழை என்கிறேன். அடுத்த நோயாளிக்கு ஆபத்தைக் கூட்டுவதே அதுதான் என்றும் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் தாதியாக அந்த ஊசியைப் பிடித்தவள் நான். எனக்குச் சார்பு இருக்கும் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். வாதத்தில் ஓட்டை இருந்தால் காட்டட்டும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். 2023 யூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் 21 வயதுப் பெண் ஒருவர் செஃப்ற்றையாக்சோன் ஊசி ஏற்றப்பட்டபின் இறந்தார். அடுத்த சில வாரங்களில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில், காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு, நாளத்தில் மருந்து செல்லும் சிறு குழாயான கனுலா ஏற்றிய இடது கை மணிக்கட்டின் கீழே அகற்றப்பட்டது. அது பொலிசுக்குப் போனது, நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பெற்றோர் வேறு எங்கே போவார்கள்? நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான ரிக்கற் அவர்கள் கையில் இல்லை. என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் ஏற்றியது என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளக விசாரணை என்றால் வைத்தியரை வைத்தியர் விசாரிப்பது. அறிக்கை எப்போது வரும் என்று சொல்வார் இல்லை. ஆளை மோதிக் கொன்ற பஸ் சாரதி கூண்டில் நிற்கிறார், ஊசி ஏற்றியவர் மட்டும் ஏன் நிற்கக்கூடாது? இந்தக் கேள்வியை யாரும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை. அந்த இரண்டு சம்பவங்களிலும் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவும் நான் வரவில்லை. தீர்ப்புக்கு முன்பே எல்லாரும் கையில் வைத்திருக்கும் அந்த ஒரே விளக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

1. "கவனம்" என்கிறீர்களே, எதன்மேல் கவனம்? ஒரே ஒரு செஃப்ற்றையாக்சோன் ஊசியை எடுங்கள். வைத்தியரின் கையெழுத்தை வாசிக்கவேண்டும். இந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்கவேண்டும். குப்பியில் இருப்பது தூள், அதைக் கரைக்கவேண்டும். தசையில் போடுவதற்கு லிக்னோகெயினில் கரைப்பார்கள், நோகாமல் இருக்க. அதே கரைசலை நாளத்தில் ஏற்றக்கூடாது. கல்சியம் உள்ள ஹார்ட்மன் சேலைனோடு கலக்கக்கூடாது. கனுலா இன்னும் நாளத்துக்குள்தான் இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு மெல்ல, சில நிமிடங்கள் எடுத்துத் தள்ளவேண்டும். தள்ளி முடித்துக் குழாயைக் கழுவவேண்டும், ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். தள்ளுவதற்கு மட்டும் நான்கு நிமிடம் என்று வையுங்கள். காலை ஆறு மணிக்கு வாட்டில் இருபது பேருக்கு ஊசி என்றால் அதுவே 80 நிமிடம். ஏழு மணிக்கு ஆள் மாறவேண்டும். இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தாதியாக இருக்கத் தேவையில்லை.

இடிக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பிரித்தானியாவில் இரண்டு வைத்தியசாலைகளில் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். 2003இல் அது வெளிவந்தது. நாளத்தில் ஏற்றிய 430 மருந்துகளில் 212இல், அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில், குறைந்தது ஒரு பிழையாவது இருந்தது. ஆகக் கூடுதலாக நடந்த பிழை எது? வேகமாகத் தள்ளியது. அங்கத்தைய தாதியர் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வீர்களா? இத்தனை தரம் ஒரே இடத்தில் இடறினால் அங்கே படி உடைந்திருக்கிறது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம்.

2. கவனத்தைக் கலைப்பது யார்? 2010இல் சிட்னியில் இரண்டு வைத்தியசாலைகளில் 98 தாதியரைக் கவனித்தார்கள். மருந்து கொடுக்கும்போது வந்த ஒவ்வொரு குறுக்கீட்டோடும் பிழை ஏறக்குறைய 12 வீதம் கூடியது. "மிஸ்ஸி, சேலைன் முடிஞ்சுது." "மிஸ்ஸி, டொக்ரர் எப்ப வருவார்?" "மிஸ்ஸி, ரெலிபோன்." பார்வையாளர் நேரத்தில் எங்கள் வாட்டுகளில் நின்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

3. தண்டித்துப் பார்க்காமலா இருந்தார்கள்? வின்கிறிஸ்ரின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. நாளத்தில் ஏற்றினால் உயிர் காக்கும். முள்ளந்தண்டுக்குள் ஏற்றினால் ஏறக்குறைய எப்போதும் சாவுதான், அதுவும் நாட்கணக்கில் துடித்துச் சாகும் சாவு. 2001இல் நொட்டிங்ஹாமில் 18 வயதுப் பெடியன் ஒருவன் அப்படி இறந்தான். அந்த ஊசியை மேற்பார்வை செய்த வைத்தியர் 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். உலகம் முழுக்க வைத்தியர்கள் அந்தச் செய்தியை வாசித்தார்கள். 2007இல் ஹொங்கொங்கில் 21 வயதுப் பெண் ஒருவர் அதே மருந்தால், அதே பாதையில் இறந்தார். சிறைத்தண்டனை அவரைக் காப்பாற்றவில்லை.

பிறகு எது காப்பாற்றும் என்று கேட்டால் விடை வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. வின்கிறிஸ்ரினைச் சிறிஞ்சில் நிரப்பாதே, சிறிய சேலைன் பையில் கலந்து அனுப்பு. முள்ளந்தண்டுக்குள் பையைத் தொங்கவிட்டு ஏற்ற யாருக்கும் தோன்றாது. மனம் குழம்பியிருந்தாலும் கை தயங்கும். அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. பின்னாளில் முள்ளந்தண்டு ஊசிக்கு வேறு வடிவ இணைப்பும் வந்தது. நாளத்துக்கான சிறிஞ்ச் அதில் பொருந்தவே பொருந்தாது. செறிந்த பொற்றாசியம் குளோறைட் கதையும் இதுதான். கலக்காமல் நேரே தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதனால் இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சாவுகளைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, அந்தக் குப்பிகளைச் சாதாரண வாட்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுவது.

வெளிநாட்டுக் கதை எங்களுக்கு எதற்கு என்பவர்களுக்குத் தோட்டக் கதை ஒன்று. வெங்காயத்துக்கு இரவில் தண்ணீர் மாறப் போகிறவரைப் புடையன் கடித்தால் வைத்தியசாலையில் விஷமுறி மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றுவார்கள். குதிரையின் குருதியிலிருந்து எடுத்த மருந்து அது. உடம்பு அதை எதிர்க்கும். தினவு, வாந்தி, மூச்சிழுப்பு, குருதியமுக்கம் விழுதல். எங்கள் நாட்டு வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. நான்கில் மூன்று பேருக்கு அந்த எதிர்ப்பு வந்திருந்தது. விஷமுறியை ஏற்றுவதற்கு முன் தோலின் கீழ் கொஞ்சம் அட்ரினலின் கொடுத்தவர்களில் கடுமையான எதிர்ப்பு முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதம் குறைந்திருந்தது. அதே வாட்டு, அதே தாதியர், அதே கைகள். ஒருவரையும் இடைநிறுத்தவில்லை. செய்யும் முறையில் ஒரு சின்ன ஊசி கூடியது, அவ்வளவுதான்.

4. குப்பிக்குள் இருப்பது கைக்குத் தெரியுமா? 2022இல் டொலர் இல்லாமல் நாடு படுத்தபோது மருந்துகளை அவசரக் கொள்வனவில், வழமையான பதிவு இல்லாமலே, இறக்கினார்கள். தரமற்ற இம்யூனோகுளோபுலின் குப்பிகள் வைத்தியசாலைகளுக்குள் வந்தது அந்தக் காலத்துக்குப் பின்தான். அது தொடர்பாக 2024 பெப்ரவரி 2ஆம் திகதி முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். லேபிளை மூன்று தரம் வாசித்து, நோயாளியின் பெயரை இரண்டு தரம் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஏற்றிய தாதிக்கு அந்தக் குப்பிக்குள் என்ன என்று தெரிய வழியே இல்லை. ஊசி பிடித்த கையோடு விசாரணையை நிறுத்தியிருந்தால் அமைச்சர்வரை யார் போயிருப்பார்கள்?

5. யாழ்ப்பாணத்தில் கையை இழந்த பிள்ளையின் கதையில் எல்லாருக்கும் வயிறு எரிகிறது, எனக்கும்தான். ஆனால் வயிறு எரிவதால் விளக்கம் கிடைத்துவிடாது. எந்தக் கனுலாவிலும் கேடு பல வழியில் வரும். நாளத்துக்குப் பதில் பக்கத்தில் ஓடும் நாடிக்குள் நுழைந்திருக்கலாம். முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் இரண்டும் நெருங்கித்தான் கிடக்கின்றன. கனுலா நழுவி மருந்து தசைக்குள் கசிந்திருக்கலாம். குருதி கட்டியிருக்கலாம். சில மருந்துகள் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையை அரித்துவிடும்.

புறோமெதசின் அப்படி ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் ஓர் இசைக்கலைஞருக்கு 2000இல் தலையிடிக்கும் குமட்டலுக்கும் அதை நாளத்தில் நேரே தள்ளினார்கள். மருந்து நாடிக்குள் போய்க் கை அழுகியது, வெட்டவேண்டி வந்தது. வழக்கு 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்கே நின்றது ஊசி ஏற்றியவரல்ல, மருந்துக் கொம்பனி. இவ்வளவு ஆபத்தான மருந்தை நேரே தள்ளும் முறையைப் பற்றி லேபிளில் போதிய எச்சரிக்கை ஏன் போடவில்லை என்பதே கேள்வி. கொம்பனி தோற்றது. எங்கள் ஊர்ப் பஸ்தரிப்பில் அந்த வழக்கு நடந்திருந்தால் ஊசி ஏற்றியவரோடு முடிந்திருக்கும். மற்ற ஊர்களில் அந்த ஊசி அப்படியே தொடர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் என் கூட்டத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். கனுலாக் கேட்டின் முதல் மணி நோவு. "நோகுது" என்று பிள்ளை சொல்லும். "கை குளிருது" என்று தாய் சொல்லுவாள். அதன் பிறகுதான் நிறம் மாறும். "அப்பிடித்தான் நோகும், கையை ஆட்டாதை" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்! நானும் சொல்லியிருக்கிறேன். ஏற்றும்போது நோகிறது என்றால் நிறுத்து, அவிழ்த்துப் பார். இதற்குப் பணம் வேண்டாம், அமைச்சின் சுற்றுநிருபம் வேண்டாம். இதைச் செய்யாததற்கு ஆட்பற்றாக்குறையைச் சாட்டாகச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

6. இனி என் வாதத்தின் நடுமுள். தண்டனைப் பயம் பிழையைக் குறைக்காது, பிழையைப் புதைக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு வைத்தியசாலை. இரவு இரண்டரை மணி. பிள்ளைகள் வாட்டில் நானும் ஒரு பயிலுநர்ப் பிள்ளையும். தூள் மருந்தைக் கரைக்கத் தண்ணீர்க் குப்பி எடுக்கிறேன். பக்கத்துப் பெட்டியில் பொற்றாசியம் குளோறைட். அதே பருமன், அதே பிளாஸ்ரிக். எடுத்து முறித்துச் சிறிஞ்சில் இழுத்துவிட்டேன். கட்டிலோரம் முழித்திருந்த தாய் மெல்லக் கேட்டா: "மிஸ்ஸி, பின்னேரம் உடைச்சதில நீல எழுத்தெல்லோ இருந்தது, இது சிவப்பு. வேற மருந்தோ?"

பார்த்தேன். கால் நடுங்கியது. அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை: "உங்கட வேலையைப் பாருங்கோ அம்மா." சிறிஞ்சைத் தூக்கி வீசிவிட்டு, சரியான தண்ணீரை எடுத்து, கரைத்து, ஏற்றினேன். பிள்ளை சுகமாய் வீடு போனது.

ஒரு புத்தகத்திலும் எழுதவில்லை. சிஸ்ரருக்குச் சொல்லவில்லை. அந்த மாதம் பக்கத்து வாட்டில் மருந்து மாறிக் கொடுத்ததைத் தானாகவே போய்ச் சொன்ன பிள்ளைக்குத் தூர இடத்துக்கு இடமாற்றம் வந்திருந்தது. என்னால் முடிந்தது, பொற்றாசியப் பெட்டியைக் கீழ்த்தட்டின் மூலைக்கு மாற்றிவைத்ததுதான். எனக்கு இடமாற்றம் வந்து, ஒன்றரை வருடம் கழித்து ஒரு அலுவலாக அந்த வாட்டுக்குப் போனேன். இரண்டு பெட்டியும் பழையபடி பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஏன் பிரித்து வைத்தேன் என்று எவருக்கும் தெரியாதே! தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை.

என்னைப் போல வாயை மூடியவர்கள் எத்தனை பேர்? நேர இருந்து தப்பிய ஆபத்துகள்தான் ஒரு வைத்தியசாலைக்குக் கிடைக்கும் ஆக மலிவான பாடம். ஒருவரும் சாகாமல் கிடைப்பது. அதைத்தான் பயம் தின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 2017இல் நடந்ததையும் பாருங்கள். அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றை எடுக்கப்போன தாதி, மருந்து இயந்திரத்தில் முதல் இரண்டு எழுத்தை அடித்து, தசைகளை முடக்கும் வேறு மருந்தை எடுத்து ஏற்றினார். நோயாளி இறந்தார். எச்சரிக்கைகளை அவர் தாண்டிப் போனது உண்மை. அதை நான் மூடவில்லை. ஆனால் பிழை தெரிந்தவுடன் அதை ஒப்புக்கொண்டவரும் அவர்தான். வைத்தியசாலை மாநில அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் பெயர் சொல்லாத ஒருவர் தகவல் கொடுத்தபின்தான் வெளியே வந்தது. 2022இல் குற்றவாளியாகக் காணப்பட்டவர் தாதி. மறைத்த நிறுவனத்தின்மேல் குற்றவழக்கு இல்லை. உண்மை சொன்னவருக்கு வழக்கு, மறைத்தவருக்கு ஒன்றுமில்லை என்ற பாடத்தை அந்த நாட்டுத் தாதியர் எல்லாரும் படித்தார்கள். நாங்களும் அதே பாடத்தையா படிப்பிக்கப் போகிறோம்?

7. கடைசியாக, கை நீட்டுகிறவர்களின் கை. "ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ டொக்ரர், தென்பில்லை" என்று காசு கொடுத்துக் கேட்பது நாங்கள்தானே. அரை லீற்றர் ஐந்து வீத டெக்ஸ்ரோஸில் இருப்பது 25 கிராம் சீனி, ஐந்தாறு தேக்கரண்டி. அரை லீற்றர் சாதாரண சேலைனில் நாலரைக் கிராம் உப்பு. வாயால் குடிக்கக்கூடிய மனிதனுக்கு அதை நாளத்தில் ஓட்டை போட்டு ஏற்றி, குளிசை எழுதிய வைத்தியரைக் "கைராசி இல்லாதவர்" என்று சொல்லி அடுத்த கிளினிக்குக்குப் போகிறோம். ஏற்றாத கனுலாவால் எந்தக் கையும் கறுத்ததில்லை.

பஸ் சாரதி உவமைக்குப் பதில் சொல்லாமல் போனால் தப்பிவிட்டேன் என்பார்கள். குடித்துவிட்டு ஓட்டிய சாரதியைத் தண்டியுங்கள். குடித்துவிட்டு ஊசி பிடித்தவரையும் தண்டியுங்கள். கேடு நடந்தபின் ரிக்கற்றைத் திருத்தி எழுதியவரை, குப்பியை ஒளித்தவரை, பெற்றோருக்குப் பொய் சொன்னவரை, அறிக்கையை அமுக்கிய பெரியவரை விடவே விடாதீர்கள். இழப்பீட்டை அரசு கொடுக்கட்டும், குடும்பம் பத்து வருடம் கோட்டு வாசலில் நிற்காமல். ஆனால் வடக்கில் காப்பில்லாத புகையிரதக் கடவையில் அடிபட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? சாரதியைத் திட்டிவிட்டுக் கலைந்து போகிறோமா? தண்டவாளத்தில் இருந்து கேற் கேட்கிறோம். கடவையில் விளங்கிய நியாயம் வாட்டு வாசலில் மட்டும் விளங்காமல் போவதேன்?

ஆகவே அடுத்த முறை ஒரு பிள்ளையின் கையோ உயிரோ போய், அறிக்கை வெளிவரும் நாளில், பெயரைத் தேடாமல் நான்கு விடயங்களைத் தேடுங்கள். அன்றிரவு அந்த வாட்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை தாதியர்? அலமாரியில் எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி? "நோகுது" என்று முதலில் சொன்னது எத்தனை மணிக்கு, யாருக்கு? இதற்கு முன் அதே பிழையில் மயிரிழையில் தப்பிய சம்பவம் அங்கே எத்தனை, அவை எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டன?